எங்கள் தென்னைக்கும் சவுக்குக்கும் உங்கள் விலைப்பட்டியலில் இடம் கொடுங்கள்

தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர்களுக்கும், ஊரக வளர்ச்சித் துறையின் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்துக்கான இழப்பீடு, 500 ரூபாய் விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் செலவு. அந்த நெருக்கடியில் அந்தப் பணம் விவசாயிகளுக்கு உதவியது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த 500 ரூபாயை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது, ஐம்பது வருடம் நின்று வைரம் பாய்ந்த மரம், அப்புறப்படுத்துவதற்குக் காசு கொடுக்க வேண்டிய பொருளாக இருந்தது.

வாங்க ஆள் இல்லை. கொஞ்சம் செங்கல் சூளைக்குப் போனது. மீதி தோப்போரத்திலேயே கிடந்து மக்கியது. மக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தையும் தின்றது. அதே மாதங்களில், அதே ஊர்களில், கூரை பறந்த வீடுகளைத் திரும்பக் கட்ட சிமெண்டும் கம்பியும் தகரமும் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

நான் இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கும் பொறியாளர். தென்னை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன். என் கோரிக்கை ஒன்றுதான். விவசாயி நிலத்தில் விளையும் மரத்தையும் மூங்கிலையும், முறைப்படி பதப்படுத்தி, பாரம் தாங்கும் கட்டுமானப் பொருளாக உங்கள் விலைப்பட்டியலுக்குள்ளும் மாதிரி வரைபடங்களுக்குள்ளும் கொண்டுவாருங்கள்.

ஏன் விலைப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தப் பட்டியலில், அதாவது ஷெட்யூலில், இடம்பெறாத பொருளுக்கு எஸ்டிமேட் போட முடியாது. எஸ்டிமேட் இல்லாமல் தொழில்நுட்ப அனுமதி கிடையாது, டெண்டரும் கிடையாது. ஒரு இளம் உதவிப் பொறியாளர் ஆர்வப்பட்டு மூங்கிலில் ஒரு நிழற்குடை போடலாம் என்று நினைத்தால்கூட, நாளைக்குத் தணிக்கையில் என்ன பதில் சொல்வது என்ற பயத்திலேயே கோப்பை மூடிவிடுவார். மரம் என்றால் கதவு நிலை, ஜன்னல் சட்டம் என்ற அளவிலேயே நம் எஸ்டிமேட்டுகள் நின்றுவிடுகின்றன. கூரையைத் தாங்கும் உத்தரமும் கைமரமும் அதில் இல்லாமல் போய்விட்டன.

நீங்கள் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு, கல்லை உடைத்துச் செய்யும் மணலான எம்-சாண்ட் சாட்சி. அது புதிதாக வந்தபோது எங்கள் மேஸ்திரிகள் "பூச்சு நிக்காது சார்" என்று கைவிரித்தார்கள். ஆலைகளைச் சோதித்துப் பொதுப்பணித் துறை சான்று கொடுக்க ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. இன்று அதே மேஸ்திரிகள் எம்-சாண்டில்தான் பூசுகிறார்கள், வீட்டுக்காரர்களும் யாரும் கேள்வி கேட்பதில்லை. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள், முன்பே வார்த்த பாகங்களைப் பொருத்தும் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் எழுந்து 2022-இல் திறக்கப்பட்டன. பழக்கமில்லாத ஒரு தொழில்நுட்பத்துக்கு வரைபடம், விலை, சோதனை எல்லாம் தயாரிக்க அரசால் முடியும். அந்த உழைப்பில் ஒரு பங்கை மரத்துக்கும் மூங்கிலுக்கும் கேட்கிறேன்.

சரி, எதற்காக இவ்வளவு பாடு? சிமெண்டும் கம்பியும் இருக்கும்போது மரம் எதற்கு?

உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. சீனாவுக்கு அடுத்து அதிகம் சிமெண்ட் செய்யும் நாடு நாம்தான். சூளையில் நிலக்கரியை நிறுத்திவிட்டு வேறு எரிபொருள் போட்டாலும் இந்த வாயுவில் பாதிக்கு மேல் வெளியேறத்தான் செய்யும், ஏனென்றால் அது சுண்ணாம்புக்கல்லுக்குள்ளேயே கட்டுண்டு கிடப்பது. அரியலூர்ப் பூமியில் கோடிக்கணக்கான வருடங்களாகக் கல்லாகிக் கிடந்த கரிமத்தை நாம் சூளையில் பிரித்து வானத்துக்கு அனுப்புகிறோம்.

ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிசைகளுக்குப் பதில் வீடு கட்ட அரசு உதவும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம். அந்தத் தளத்தை நாலரை அங்குலம் என்று வைத்தால் 3.2 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். இருபது மூட்டை சிமெண்ட், கால் டன் கம்பி. ஒரு மூட்டை சிமெண்டுக்கு, கலவை வகையைப் பொறுத்து, 30 முதல் 40 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோ கம்பிக்கு 2 கிலோவுக்கு மேல். தளம் மட்டுமே ஒன்றேகால் டன்னை நெருங்குகிறது. 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. பெருக்கினால், சுவரையும் அஸ்திவாரத்தையும் விட்டுவிட்டு, தளங்களுக்கு மட்டும் 10 லட்சம் டன்.

இன்னொரு பக்கம் மரம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கரிமம். தென்னைத் தண்டின் கெட்டிப் பகுதி ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். அதில் 300 கிலோ கரிமம். காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவாகச் சொன்னால் 1.1 டன். அந்த மரம் கைமரமாகக் கூரையில் இருக்கும்வரை அந்தக் கரிமமும் அங்கேயே இருக்கும். தோப்போரத்தில் மக்கினால் சில வருடத்தில் காற்றுக்கே திரும்பிவிடும். மேலே போடும் ஓட்டைச் சுடவும் எரிபொருள் வேண்டும், மரத்தை அறுக்கவும் பதப்படுத்தவும் செலவுண்டு, அதையெல்லாம் கழித்துத்தான் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கழித்தாலும் வித்தியாசம் பெரியது.

தென்னையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறியியல் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. முதிர்ந்த தென்னையின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்தால் பட்டையை ஒட்டிச் சில விரற்கடை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு நார்கள் நெருக்கமாக அடர்ந்திருக்கும். சாதாரண வாளைப் போட்டால் பல் சீக்கிரம் மழுங்கிவிடும்; கார்பைடு முனை வைத்த வாள் வேண்டும். உள்ளே போகப் போக நார் விலகி, நடுவில் வெறும் சோற்றி. மேலே போகப் போகவும் அப்படித்தான். ஆக, ஒரே மரத்தில் உத்தரத்துக்கான பகுதியும் உண்டு, எதற்கும் ஆகாத பகுதியும் உண்டு. இதைப் பிரிக்கத் தெரியாமல் அறுத்தவர்கள்தான் "தென்னை உளுத்துப் போகும்" என்று பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டார்கள். வெளிவட்டத்தை மட்டும் எடுத்து, அடர்த்தி பார்த்துத் தரம் பிரித்து, உலர்த்திப் பதப்படுத்தினால் அது வேறு பொருள். பிலிப்பைன்ஸ்காரர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். 2013-இல் ஹையான் புயல் அங்கே தென்னையைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களையே அறுத்துத் தற்காலிக வீடுகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

புயல் வந்தால்தான் மரம் கிடைக்கும் என்றும் இல்லை. காய்ப்பு நின்ற மரங்களையும் நோய் விழுந்த மரங்களையும் வெட்டி அகற்றித் திரும்ப நடுவதற்குத் தென்னை வளர்ச்சி வாரியமே உதவித்தொகை கொடுக்கிறது. வருடா வருடம் வெட்டுப்படும் மரம் இது.

கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் நிறுவனம் வெளியிட்ட ஒட்டுரகச் சவுக்குகளால் மகசூல் கூடியிருக்கிறது. நாலைந்து வருடத்தில் வெட்டுக்கு வருகிறது. போகும் இடம் காகித ஆலை, சாரம், முட்டு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் போடும் கான்கிரீட் தளம் இறுகும்வரை, மேலே சொன்ன 3.2 கன மீட்டர், அதாவது எட்டு டன் ஈரக் கான்கிரீட்டை, பல இடங்களில் இன்றும் தாங்கி நிற்பது சவுக்கு முட்டுதான். அதன் பலத்தை நம்பித்தான் கீழே ஆட்களை வேலைக்கு விடுகிறோம். சவுக்குக்குக் குறை உண்டு. ஆணி அடித்தால் பிளக்கும், காயும்போது முறுக்கும். அதனால் உருட்டுக் கட்டையாகவே வைத்து, துளையிட்டு போல்ட் போட்டு இணைக்க வேண்டும். இது வரைபடத்தில் தீர்க்கக்கூடிய விஷயம்.

மூங்கிலுக்குச் சட்டத் தடையும் நீங்கிவிட்டது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து 2017-இல் எடுத்துவிட்டார்கள். விவசாயி தன் நிலத்து மூங்கிலை வெட்ட வனத்துறையிடம் நிற்க வேண்டியதில்லை. பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில் தலைக்கு மேலே மூங்கில் தெரிகிறது. மகாராஷ்டிராவில் நெடுஞ்சாலை ஓரத் தடுப்பையே பதப்படுத்திய மூங்கிலில் செய்து 200 மீட்டருக்கு நிறுவியிருக்கிறார்கள். நம் மாநிலத்திலேயே ஆரோவில்லில் மூங்கில் கட்டடத்தில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வேண்டிய விதிமுறைகளும் தயார். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் ஆறாம் பாகத்தில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. இந்தியத் தரநிலைகளும் உண்டு: மரக் கட்டமைப்புக்கு ஐ.எஸ். 883, மூங்கிலுக்கு ஐ.எஸ். 15912. மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்கு 1993-இல் போட்ட தடையை 2020-இல் விலக்கிக்கொண்டது. அந்தத் தடை காட்டைக் காப்பாற்ற வந்தது. இப்போது மரம் வருவது பெரும்பாலும் காட்டிலிருந்து அல்ல, வயல் வரப்பிலிருந்தும் தோப்பிலிருந்தும். காட்டு மரத்தில் ஒரு குச்சியைக்கூட நான் கேட்கவில்லை. பனையையும் கேட்கவில்லை, அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு வைத்த கட்டுப்பாடு அப்படியே இருக்க வேண்டும்.

இனி, உங்கள் மனதில் முதலில் வரும் எதிர்ப்புக்கு வருகிறேன். தீ.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். எங்கள் மாவட்டம் அது. கீற்று வேறு, மரச்சட்டம் வேறு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இன்னும் பின்னால் போனால், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்கள். இந்த டெல்டாவில் தளம் போட்ட வீடு என்பது வசதி மட்டும் இல்லை. யாரும் நெருப்பு வைத்துவிட முடியாது என்ற நிம்மதி அதில் இருக்கிறது. தலைமுறையாகக் கீற்றுக்குக் கீழே வாழ்ந்தவரிடம் போய், உலகம் சூடாகிறது, நீங்கள் மரத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

அதனால்தான் 300 சதுர அடித் தளத்தில் கைவைக்கும்படி நான் கேட்கவில்லை. மேலே போட்ட கணக்கு எவ்வளவு பெரிய எண் என்று காட்டத்தான். மரத்தையும் மூங்கிலையும் முதலில் உங்கள் அலுவலகங்களில் பயன்படுத்துங்கள். கோட்டப் பொறியாளர் அலுவலகம், ஆய்வு மாளிகை, பயணியர் விடுதி, கலெக்டர் அலுவலக வளாகத்தில் மனு கொடுக்க வருபவர்கள் வெயிலில் நிற்கும் இடம் — இங்கெல்லாம் கட்டுங்கள். அதிகாரிகள் அதன் கீழே உட்கார்ந்து ஐந்து, பத்து வருடம் வேலை பார்க்கட்டும். ஏழையின் வீடு எந்தப் புதுப் பொருளுக்கும் சோதனைக் களமாக இருக்க வேண்டாம். அவர் பார்த்து, பிடித்து, தானாகக் கேட்டால் அப்போது கொடுக்க ஒரு வரைபடம் தயாராக இருக்கட்டும். கனவு இல்லத்தின் மீதி 60 சதுர அடிக்கு எளிதில் தீப்பிடிக்காத வேறு கூரை போட இடமிருக்கிறது. ஓடும் பதப்படுத்திய மரச்சட்டமும் கொண்ட கூரையை அங்கே ஒரு விருப்பத் தேர்வாக வைக்கலாம்.

தீயின் தொழில்நுட்பப் பக்கத்தையும் பார்ப்போம். தடித்த மரம் மெதுவாகத்தான் கரியாகிறது. வழக்கமான கணக்கு நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர். அரை மணி நேரத் தீயில் ஒரு பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர். வெளியே படியும் கரி உள்ளே சூடு புகாமல் தடுக்கும். இரும்போ 550, 600 டிகிரியை நெருங்கும்போதே பாதி பலத்தை இழந்து வளைந்துவிடும். ஆக, உத்தரத்தின் அளவைக் கணக்கிடும்போதே கரியாகப்போகும் கனத்தையும் கூட்டிப் போட்டால் ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். மெல்லிய சட்டத்துக்கும் உள்ளீடற்ற மூங்கிலுக்கும் இது பொருந்தாது. அவை சீக்கிரம் எரியும். அதனால் மூங்கிலை நாலாப்பக்கமும் திறந்த, ஒரே தளமுள்ள, சமையல் நடக்காத கட்டடங்களுக்கு மட்டும் என்று விதியே எழுதிவிடுங்கள். பள்ளி வகுப்பறைகளை இப்போதைக்கு இதில் சேர்க்கவே வேண்டாம்.

சேப்பாக்கத்தில் உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் வளாகத்திலேயே இதற்கு இரண்டு பக்கமும் உண்டு. 2012 ஜனவரியில் பழைய அரண்மனையின் பகுதியான கலசமகால் எரிந்தது. தீயை அணைக்கப் போன அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பழைய மரக்கூரையில் கோப்புகளையும் மின்கம்பிகளையும் கவனமின்றி அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று அந்த இரவு காட்டியது. அப்புறம் உங்கள் துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவுதான் அந்த மகாலை மீட்டெடுத்தது. பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலைப் புதுப்பிக்கும்போது சுண்ணாம்பும் மெட்ராஸ் டெரஸும் திரும்பி வந்தன. தேக்குச் சட்டங்களுக்கு மேலே செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டி இறுக்கும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்தவர்கள் நீங்கள். அந்த அறிவைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை, துறைக்கு உள்ளேயே இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கிவைக்காதீர்கள்.

கரையான், ஈரம் பற்றியும் கேட்பீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொண்டு நூற்றாண்டுகளாக நிற்கிறது. காரைக்குடிப் பக்கம் தேக்குத் தூண்கள் நிற்பது மண்ணில் அல்ல, கல் பீடத்தில். மரத்தை மண்ணோடு ஒட்டவிடாமல் தூக்கி வைப்பது, இறவாரத்தை நன்றாக வெளியே நீட்டுவது, காற்றோட்டம் விடுவது — பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். மீதிக்குப் பதப்படுத்தல். தேய்பிறையில் மூங்கில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள்; எப்போது வெட்டினாலும் தண்டில் மாவுச்சத்து மிச்சமிருந்தால் வண்டு துளைக்கத்தான் செய்யும், அதனால் கணுக்களைத் துளைத்து போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறப்போடுவது கட்டாயம். ஆனால் இந்த மருந்து மழையில் கரைந்துபோகும். கூரைக்குக் கீழே இருப்பதற்கு அது போதும், நனையும் இடத்துக்கு வேறு மருந்தும் அதை மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் கொப்பரையும் வேண்டும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஐரோப்பிய மரத்தைக் கொண்டுவந்து 2023-இல் திறந்த பெரிய மரக்கட்டடத்தில் பூஞ்சை படிந்து செய்தியானது. நம் காற்றின் ஈரத்துக்கு நாமே சோதித்துப் பார்த்துத்தான் விதி எழுத வேண்டும்.

கான்கிரீட் மட்டும் என்றென்றைக்கும் நிற்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். கடலோரக் கிராமங்களில் பழைய தொகுப்பு வீடுகளுக்குள் நுழைந்து மேலே பார்த்தால் தெரியும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைத் தள்ளிப் பெயர்த்துவிட்டுத் தொங்கும். அதற்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார்கள். அந்த வீடுகளைப் பழுதுபார்க்கவே அரசு தனித் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. எந்தப் பொருளும் பராமரிக்காவிட்டால் கெடும். மரத்தில் ஒரு கைமரம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

புயல்தான் எனக்கு உண்மையான கவலை. எடை குறைந்த கூரையைக் காற்று தூக்கும், கஜாவில் ஓடும் தகரமும் பறந்ததைப் பார்த்தோம். பறந்த கூரைகளில் பெரும்பாலானவற்றில் கைமரம் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது, சுவரோடு கட்டப்படவில்லை. நாலுபக்கச் சரிவு, சுவர் உச்சியில் சுற்றிவரும் சட்டம், அதை அஸ்திவாரம்வரை இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டை, ஓட்டுக்குக் கம்பிக்கட்டு, இவையெல்லாம் வரைபடத்தில் கட்டாயமாக வர வேண்டும். இதில் எந்தச் சமரசமும் கூடாது. ஐ.ஐ.டி. மெட்ராஸோ அண்ணா பல்கலைக்கழகமோ ஒரு முழு அளவுக் கூரையைக் கட்டி இழுத்துச் சோதித்துச் சான்று தரட்டும். அதுவரை கடலோர வட்டங்களில் மக்கள் தங்கும் கட்டடம் எதற்கும் இது வேண்டாம்.

ஜப்பானைப் பாருங்கள் என்பேன், அவர்கள் நிலை நம்மை ஒத்தது என்பதால். போருக்குப் பின் அவர்கள் மலைகள் முழுக்க நட்ட தேவதாரு வகை மரங்கள் முதிர்ந்து நின்றன. வாங்க ஆளில்லை, கிராமங்கள் காலியாகின. 2010-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று மாடிக்கு உட்பட்ட அரசுக் கட்டடம் என்றால் முதலில் மரத்தையே யோசிக்க வேண்டும். நிலநடுக்கமும் சூறாவளியும் தீயும் நம்மைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும், தெரிந்தும் எடுத்த முடிவு அது. அரசு முதல் வாடிக்கையாளராக நின்றதால் அறுவை ஆலைகளுக்கும் தச்சர்களுக்கும் வேலை வந்தது. 2021-இல் சட்டத்தைத் தனியார் கட்டடங்களுக்கும் விரித்தார்கள்.

இங்கே தொடங்க எனக்குத் தெரிந்த சரியான இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். வருடா வருடம் அறுவடை நேரத்தில் மழை பெய்து, வெட்டவெளியில் குவித்த நெல் நனைந்து முளைக்கிறது. நெல்லுக்கான ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு நடையாய் நடக்கிறோம். நெல்லுக்குத் தேவை நாலாப்பக்கமும் திறந்த, காற்றோடும், உயரமான ஒரு கொட்டகை. சமையல் இல்லை, ஆள் தங்குவதில்லை. அதற்கு மரம் அந்த ஊர்த் தோப்பிலேயே இருக்கிறது. கல் பீடத்தின் மேல் சவுக்குத் தூண், தென்னை உத்தரம், ஓட்டுக் கூரை என்று ஒரே மாதிரி வரைபடம் போதும். அதற்கான விலை, மரத்தின் தர வரையறை, பதப்படுத்தியதைச் சோதிக்கும் முறை, பத்து வருடப் பராமரிப்புக்கான தொகை நான்கையும் சேர்த்து ஷெட்யூலில் ஏற்றுங்கள். பராமரிப்புத் தொகையை மறந்தால் எல்லாம் வீண். ஐந்தாவது வருடம் எண்ணெய் பூச ஆளில்லாமல் விட்டுவிட்டு, மரம் மோசம் என்று எழுதிவிடுவார்கள்.

பதப்படுத்தும் நிலையங்களைத் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமோ விவசாயிகள் கூட்டுறவுகளோ நடத்தலாம். பட்டுக்கோட்டையில் ஒன்று, கடலூரில் ஒன்று, மலைவேம்பும் மூங்கிலும் விளையும் மேட்டுப்பாளையம் பக்கம் ஒன்று என்று தொடங்கலாம். மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, பெங்களூரில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தரம் பிரிக்கக் கற்றுக்கொடுக்க ஆள் உண்டு. ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் இன்று ஒட்டுப்பலகையில் அலமாரி அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். உளி பிடித்து மூட்டுச் சேர்க்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அரசு ஐ.டி.ஐ.களில் கூரைத் தச்சுக்கு ஒரு பிரிவு ஆரம்பிக்க வேண்டும்.

பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த மரக்கன்று கொடுக்கிறது. வாங்கி நடும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி, வெட்டும்போது யார் வாங்குவார்கள் என்பது. காகித ஆலை சொல்லும் விலை ஒன்றே இன்று அவருக்கு இருக்கும் பதில். உங்கள் பட்டியலில் கட்டுமான மரத்துக்கு ஒரு விலை ஏறினால் பெரிய மரமாக வளர்க்க அவருக்குக் காரணம் கிடைக்கும்.

அடுத்த ஷெட்யூல் திருத்தத்துக்கு முன் ஒரு கூட்டம் கூட்டுங்கள். விவசாயிகள், தச்சர்கள், தீயணைப்புத் துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம், எங்களைப் போன்ற சிறிய பொறியாளர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். தென்னை அறுத்துத் தரம் பிரித்த மாதிரித் துண்டுகளையும் நான் இதுவரை வரைந்து வைத்திருக்கும் கொட்டகை வரைபடங்களையும் கொண்டுவருகிறேன். அவற்றில் உள்ள தப்புகளை நீங்கள் திருத்துங்கள். முதல் கொட்டகைக்கு எங்கள் வட்டத்தில் இடம் பார்த்துக் கொடுக்க ஊர்க்காரர்கள் தயாராக இருக்கிறார்கள்.

நம்பிக்கையுடன்,
தஞ்சாவூர் மாவட்டத் தென்கோடியிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளர்